சுவரேறிக் குதிக்கும் அரசுகள்



"தப்பு செய்யாதவன் எதற்காகப் பயப்பட வேண்டும்?"

தொலைபேசி ஒட்டுக்கேட்பு, முகம் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கேமரா, உளவு மென்பொருள் என்று பேச்செடுத்தால் போதும். இந்தக் கேள்வி உடனே வந்து விழுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறார்கள், கடைவீதியில் கேட்கிறார்கள். ஏன், நம்மவர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். "நாட்டின் பாதுகாப்பு முக்கியமா, உங்கள் அந்தரங்கம் முக்கியமா?" என்பது அடுத்த கேள்வி.

நாட்டின் பாதுகாப்பு நமக்கும் முக்கியம்தான். குண்டு மதம் பார்த்து வெடிப்பதில்லை. 1998 பிப்ரவரியில் கோவையில் 58 உயிர்கள் பறிபோயின. அந்தப் பாதகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனை குடும்பங்கள் அதன் பிறகு சந்தேகப் பார்வையைச் சுமந்தன என்பதை மூத்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே குற்றவாளியைப் பிடிக்காதீர்கள் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டோம்.

நமது கேள்வி வேறு. நடந்த குற்றத்திற்குக் குற்றவாளியைத் தேடுவது ஒன்று. ஒரு சமுதாயத்தையே பட்டியலில் வைத்துக்கொண்டு அதற்குள் குற்றத்தைத் தேடுவது மற்றொன்று. முதலாவது காவல்துறையின் கடமை. இரண்டாவதால் நாட்டிற்குக் கிடைத்தது என்ன? இதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதைச் செய்து பார்த்த ஊரே சாட்சியாக நிற்கிறது.

நியூயார்க் சொல்லும் சாட்சி

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2003இல் நியூயார்க் காவல்துறை தனது உளவுப் பிரிவுக்குள் ஒரு தனிக்குழுவை அமைத்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவின் உதவியும் அதற்குக் கிடைத்தது. குழுவின் வேலை என்ன தெரியுமா? முஸ்லிம்கள் எங்கே வாழ்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், எங்கே முடிவெட்டுகிறார்கள், எங்கே தொழுகிறார்கள் என்று வரைபடம் போடுவது! பள்ளிவாசல்கள், ஹலால் இறைச்சிக் கடைகள், உணவு விடுதிகள், புத்தகக் கடைகள் எல்லாம் கோப்பில் ஏறின. சாதாரண உடையில் காவலர்கள் வந்து உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். கடைத் தொலைக்காட்சியில் எந்தச் சேனல் ஓடுகிறது, பக்கத்து மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு போனார்கள். 2008இல் கல்லூரி மாணவர்கள் ஆற்றில் படகு விடச் சுற்றுலா போனபோதும் மாணவர் வேடத்தில் ஒரு காவலர் கூடவே போனார். அவர்கள் எத்தனை முறை தொழுதார்கள் என்பதும் அறிக்கையில் எழுதப்பட்டது.

2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதையெல்லாம் ஆவணங்களோடு வெளியிட்டது. அடுத்த ஆண்டு அந்தச் செய்திகளுக்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. பரிசைவிட முக்கியமானது 2012 ஜூனில் நடந்தது. அந்த உளவுப் பிரிவின் தலைமை அதிகாரி தாமஸ் கலாட்டி சத்தியப்பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய ஆறாண்டுப் பொறுப்புக் காலத்தில் இந்தக் குழு சேர்த்த தகவலிலிருந்து ஒரே ஒரு பயங்கரவாத விசாரணைகூடத் தொடங்கப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்!

ஆறாண்டு உளவு. பலன் பூஜ்யம். 2014 ஏப்ரலில் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள்.

ஆனால் நஷ்டம் பூஜ்யம் அல்ல. அதை வியாபாரிகளான நீங்கள் எளிதாகப் புரிந்துகொள்வீர்கள். போலீஸ் கண்காணிக்கும் கடை என்று பெயர் பரவினால் அந்தக் கடைக்கு யார் வருவார்கள்? பெயர் வெளியான பள்ளிவாசலுக்கு யார் தயங்காமல் வருவார்கள்? 2013இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் கூட்டாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கல்லூரி முஸ்லிம் மாணவர் சங்க அறையில், இங்கே அரசியல் பேச வேண்டாம் என்ற அறிவிப்பே தொங்கியது என்று அதில் பதிவு செய்திருக்கிறார்கள். அரசு தடை போடவில்லை. அச்சத்தால் மாணவர்கள் தங்கள் வாயைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். மொத்தக் கண்காணிப்பு செய்யும் மிகப் பெரிய கொடுமை இதுதான்.

அந்தச் சமுதாயம் அப்படியே முடங்கிவிடவில்லை என்பதையும் நாம் அறிய வேண்டும். நியூஜெர்சியில் ஹலால் இறைச்சிக் கடைக்காரர்கள், இமாம்கள், மாணவர்கள், ஈராக் போரில் பணியாற்றிய முஸ்லிம் ராணுவ வீரர் ஒருவர் என்று பலர் சேர்ந்து 2012இல் வழக்குப் போட்டார்கள். 2014இல் கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர்கள் சோர்ந்துபோகவில்லை. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை உயிர்ப்பித்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. 2018 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. மதத்தைக் காரணமாக வைத்து உளவு பார்க்க மாட்டோம் என்று காவல்துறை ஒப்புக்கொண்டது, 75 ஆயிரம் டாலர் இழப்பீடும் கொடுத்தது. தொகை சிறிது. ஆனால் ஆறாண்டு சட்டப் போராட்டத்தால் கிடைத்த அந்த ஒப்புதல் பெரிது.

நாடு முழுவதையும் ஒட்டுக்கேட்டபோது

இது ஒரு நகரத்தின் கதை. அமெரிக்க அரசு தன் நாட்டு மக்கள் அனைவர் மீதும் இதைச் செய்தது என்பது 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் தெரிய வந்தது. யார் யாருக்கு எப்போது பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற கோடிக்கணக்கான தொலைபேசிப் பதிவுகளை அன்றாடம் அள்ளிக்கொண்டிருந்தார்கள். இதனால்தான் பல தாக்குதல்களைத் தடுத்தோம் என்று அதிகாரிகள் மார்தட்டினார்கள். அரசே அமைத்த தனிக் கண்காணிப்பு வாரியம் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தது. எந்த ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவையும் இந்தத் திட்டம் மாற்றியதாக ஓர் உதாரணம்கூட இல்லை என்று 2014 ஜனவரியில் அது அறிக்கை கொடுத்தது. 2015இல் அந்த முறையை முடிவுக்குக் கொண்டுவரச் சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டம் சட்டத்திற்குப் புறம்பானது என்றே சொல்லிவிட்டது.

எல்லாரையும் பார்க்கிறவன் எவனையும் சரியாகப் பார்ப்பதில்லை. வைக்கோற்போரில் ஊசியைத் தேட வேண்டுமானால் வைக்கோலைக் குறைக்க வேண்டும். இவர்களோ மேலும் மேலும் வைக்கோலைக் குவித்தார்கள்!

இன்னொரு சம்பவத்தையும் கேளுங்கள். 2006இல் கலிஃபோர்னியாவின் பள்ளிவாசல்களுக்கு ஒருவர் வந்தார். இஸ்லாத்தை ஏற்றதாகச் சொன்னார். நாளடைவில் குண்டு, தாக்குதல் என்று பேசத் தொடங்கினார். தொழுகையாளிகள் என்ன செய்தார்கள்? அவரைக் குறித்து அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள், நீதிமன்றத்தில் தடையாணையும் வாங்கினார்கள். பிறகுதான் உண்மை வெளியானது. அவர் மத்தியப் புலனாய்வுத் துறையே அனுப்பிய ஆள்! சட்டத்தை மதித்துக் காவலுக்கு வந்த சமுதாயத்திற்கு, அரசு கொடுத்த பரிசு அவநம்பிக்கை. அடுத்த முறை உண்மையான ஆபத்து வந்தால் யார் முன்வந்து சொல்வார்கள்? பாதுகாப்பைக் கெடுத்தது யார்?

நமது வீட்டு நிலவரம்

அமெரிக்காவில் தவறு நடந்தது, நீதிமன்றமும் பத்திரிகையும் கேட்டன, கணக்கு வெளியே வந்தது. நமது நாட்டில் அந்தக் கணக்கே வெளியே வருவதில்லை.

தந்தியையும் தொலைபேசியையும் இடைமறிக்கும் அதிகாரம் வெள்ளையன் 1885இல் போட்ட தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. இதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றம் போனது. 1996 டிசம்பரில் நீதிமன்றம் சில நெறிமுறைகளை விதித்தது. உள்துறைச் செயலாளர் நிலையில் உள்ளவர்தான் ஆணையிட வேண்டும், ஆய்வுக்குழு அதைச் சரிபார்க்க வேண்டும் என்பவை அவற்றில் சில.

அந்த ஆய்வுக்குழு எப்படிச் சரிபார்க்கிறது? நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் கொடுத்த அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கூடும் அந்த ஆய்வுக்குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்! நீங்களே கணக்குப் போடுங்கள். ஓர் ஆணைக்கு ஒரு நிமிடம் என்றாலும், நாளொன்றுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தாலும், 15,000 ஆணைகளைப் பார்த்து முடிக்க 31 நாளுக்கு மேல் வேண்டும். பெரிய பொறுப்புகளில் இருக்கும் மூன்று செயலாளர்கள் அப்படி உட்கார்வார்களா? இதற்குப் பெயர் ஆய்வா, ரப்பர் ஸ்டாம்பா?

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திற்கு 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2024 டிசம்பரில் ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்தன. சட்டத்தின் பெயர் மாறியது, வழி மாறவில்லை. ஆணையிடுபவர் அதிகாரி. சரிபார்ப்பவரும் அதிகாரி. நடுவில் நீதிபதிக்கு இடமே இல்லை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லித் தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வேலிக்கு வெளியே ஆட்டை நிறுத்திவிட்டு, உள்ளே ஓநாய்க்கு அனுமதிச் சீட்டு!

2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 2021 ஜூலையில், பெகாசஸ் விவகாரம் வெடித்தது. பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள், மனித உரிமை ஆர்வலர்கள் ஆகியோரின் எண்கள் இஸ்ரேலிய உளவு மென்பொருளின் இலக்குப் பட்டியலில் இருந்ததாகச் செய்தி வந்தது. வாங்கினீர்களா, இல்லையா என்று நீதிமன்றம் கேட்டது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு நேரடிப் பதில் சொல்லவில்லை. நீதிமன்றம் அமைத்த குழு 29 செல்போன்களைப் பரிசோதித்தது. 5 போன்களில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதையும் 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். தப்பு செய்யாத அரசு எதற்காகப் பயப்பட வேண்டும்? நம்மிடம் கேட்கும் கேள்வியை நாமும் திருப்பிக் கேட்கலாம் அல்லவா?

கேமராக்களின் கதையும் இப்படித்தான். முகம் 80 சதவீதம் ஒத்துப்போனாலே அதைப் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதிலளித்தது. மீதி 20 சதவீதத்தில் யாருடைய மகன் மாட்டுவான்?

"தப்பு செய்யாதவன்" யார்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசி மக்களுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைது செய்யப்பட்டார். வயது 83. நடுக்குவாத நோயாளி. ஜாமீன் கிடைக்காமலேயே 2021 ஜூலை 5 அன்று இறந்தார். அவருடைய கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து ஊடுருவி ஆவணங்களைத் திணித்திருக்கிறார்கள் என்று, பிரதிவாதிகள் தரப்பில் அமர்த்தப்பட்ட அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. புலனாய்வு அமைப்பு இதை ஏற்கவில்லை. ஆனால் உண்மையைச் சோதித்துச் சொல்லும் வரை காத்திருக்க அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை.

மறைக்க எதுவும் இல்லாதவனும் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? உங்கள் போனைத் திறக்கும் சாவி இன்னொருவன் கையில் இருந்தால், அவன் உள்ளே இருப்பதைப் பார்ப்பதோடு நிற்பான் என்பதற்கு உத்தரவாதம் என்ன? உள்ளே எதையாவது வைத்துவிட்டும் போகலாம் அல்லவா?

உமர் (ரலி) ஏற்ற தீர்ப்பு

இந்தப் பிரச்சினையில் நமக்கு இன்று நேற்று வந்த பாடம் அல்ல. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும், பிறர் குறையைத் துருவித் தேடுவதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுக்கிறது. சந்தேகத்தில் தொடங்கினால் உளவில் போய் நிற்கும், உளவு அவதூறாய் முடியும் என்ற மனித இயல்பை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் கூறப்படும் சம்பவம் ஒன்று உண்டு. மதீனாவில் இரவு நகர்வலம் வந்தவர், ஒரு வீட்டில் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்தார். உள்ளே ஒருவர் பாவமான காரியத்தில் இருந்தார். கலீஃபா கண்டித்தபோது அந்த மனிதர் அஞ்சவில்லை. நான் ஒரு தவறு செய்தேன், நீங்கள் மூன்று தவறு செய்தீர்கள் என்றார். துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதியும் ஸலாமும் இல்லாமல் நுழைந்தீர்கள் என்று எண்ணிக் காட்டினார். பெரும் சாம்ராஜ்யத்தை ஆண்டவர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பினார் என்கிறது அந்தச் செய்தி. அந்த வீட்டில் உண்மையிலேயே தவறு நடந்துகொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். அப்போதும் ஆட்சியாளர் வாசல் வழியாகத்தான் வர வேண்டும்! இன்றைய மொழியில் வாசல் என்பது சட்டம், அனுமதி என்பது நீதிபதியின் ஆணை.

இந்தத் தடை ஆட்சியாளர்களுக்கு மட்டுமா? ஒருவர் நம்பிப் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறோம். ஜமாஅத் தேர்தலிலும் இயக்கச் சண்டையிலும் அதை ஆயுதமாக்குகிறோம். அடுத்தவர் போனை எடுத்துப் பார்க்கிறோம். சகோதரர்களே, அரசு செய்தால் அநியாயம், நாம் செய்தால் சாமர்த்தியமா? தன் வீட்டில் சுவரேறுகிறவன் அரசைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, பயந்து ஒடுங்காதீர்கள். சட்டத்திற்கு உட்பட்ட கூட்டம், பேச்சு, எழுத்து எதையும் கைவிடாதீர்கள். அதே நேரத்தில், ஊர் பேர் தெரியாதவன் குழுவில் சேர்ந்து வன்முறையைத் தூண்டினால் உடனே வெளியேற்றுங்கள், எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். ஆதாரமில்லாத செய்தியை மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் போனை நீங்களே காவல் காருங்கள். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலியை உலகெங்கும் 9 கோடிக்கு மேற்பட்ட முறை இறக்கிவைத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்துவோர் இருக்கும் இடம் பற்றிய விவரம் ஒரு தரவு வியாபார நிறுவனத்திற்குப் போனது, அந்த நிறுவனத்தின் தரவு அமெரிக்க ராணுவம் வரை போனது என்று 2020 நவம்பரில் செய்தி வந்தது. செய்தி வந்ததும் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிட்டதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. இருக்கும் இடத்தை அறிய எந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றே பாருங்கள், வேண்டாதவற்றை அணையுங்கள். சிம் கார்டு உங்கள் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆதார் நகலைக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சாட்சி விசாரணைக்கு அழைத்தால் எழுத்து மூலமான ஆணையைக் கேளுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவின்படி, பெண்களையும் 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக வீட்டை விட்டு வேறிடத்திற்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. அதே சட்டத்தின் 105ஆவது பிரிவு சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. போனைக் கைப்பற்றினால் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வழக்கறிஞரின் எண் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, கோரிக்கையை மக்கள் பிரதிநிதிகளிடம் கொண்டு செல்லுங்கள். ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் முன் அனுமதி வேண்டும். பிரிட்டன் 2016இல் போட்ட சட்டத்தில், அமைச்சரின் ஆணையை நீதித்துறை ஆணையரும் ஏற்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை ஆணைகள் என்ற எண்ணிக்கையாவது வெளியிடப்பட வேண்டும்.

நீதிமன்றத்தின் கதவு முழுவதும் மூடவில்லை. 2011இல் ஒரு லஞ்ச வழக்கு தொடர்பாகப் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றது. அந்த வழக்கின் மனுதாரர் முஸ்லிம் அல்லர். இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆதிவாசிக்காகப் பேசிய பாதிரியார், பத்திரிகையாளர், எதிர்க்கட்சிக்காரர், வியாபாரி என்று பாதிக்கப்பட்ட எல்லாரோடும் கைகோத்து இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.

ஆட்சியாளர்களுக்கு நாம் சொல்வது இதுதான். குற்றம் நடந்தால், ஆதாரம் இருந்தால், நீதிபதியின் ஆணையோடு வாசல் வழியாக வாருங்கள். கதவைத் திறந்து ஒத்துழைக்கிறோம். சுவரேறிக் குதிக்காதீர்கள். அப்படிக் குதித்த நியூயார்க் ஆறாண்டு அலைந்து வெறுங்கையோடு இறங்கியது.